முன்வரிசையில் மூன்றாவது பெண்

அத்தியாயம் 4

“பன்னெண்டு ஸ்டுடியோ அக்கா. பதினோரு பேர் ஒரே பதில். ‘நல்லதம்பியா, எந்த நல்லதம்பி?’ பன்னெண்டாவது ஆள் மட்டும் என்னை உட்கார வெச்சு பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி போட்டுக் கொடுத்துட்டார். ஒண்ணு வெச்சுக்குங்க. நான் காணாமப் போனா உதவும்.”

ஜோஜோ எட்டுப் படங்களையும் ஜீப்பின் பானெட் மேல் வரிசையாக அடுக்கினான். பொள்ளாச்சி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டின் காலை வெயிலில் எட்டு ஜோஜோக்கள் ஒரே மாதிரி விழித்தார்கள்.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடம் கோர்ட் சம்மன்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். வாங்க மறுத்தவர்களையும், வீடு மாற்றியவர்களையும், செத்துப்போனதாகச் சொல்லச் சொன்னவர்களையும் தேடிப் பிடித்துப் பழகிய கால்கள். வேலையை விட்ட பிறகு அந்தக் கால்களை நம்பியே ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஏலப்பாறை மலைக்காரன் ஜோஜோ அவருக்கு டிரைவர், உதவியாளர். கூப்பிடாமலே பேசுவதும் அவன்தான்.

“படத்தை இன்னொருக்கா குடுங்க சாமி,” என்றார் செல்வலட்சுமி, பின்சீட்டிலிருந்த பெண்ணிடம் செல்லமாக.

ராமலட்சுமி மடியிலிருந்த துணிப்பையைப் பிரித்தாள். இருபத்தாறு வயது. அவளும் ஏலப்பாறைப் பக்கம்தான். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, நர்ஸிங் படித்து, அரசு ஆஸ்பத்திரி வேலைக்குத் தேர்வாகி, சாதிச் சான்றிதழில் வந்து நின்றுவிட்டவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே குடும்பம் இந்த மலையாள மாநிலத்துக்குள் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அது இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. நாலு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளிய குடும்பம்தான். ஆனால் எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பேரேடுகளைக் கரையான் தின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு போட்டோ. தேயிலைச் செடிகளுக்கு முன்னால் ஒரு கூட்டம். பின்வரிசையில் ஆண்கள் நிற்கிறார்கள், முன்வரிசையில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையின் கடைசி ஆளுக்குக் கீழே மட்டும் வெள்ளை மசியில் ஒரு பெயர்: சுருளிவேல். ராமலட்சுமியின் பூட்டன், அவளுடைய அப்பாவுக்குத் தாத்தா.

“தாலூக் ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு மறுபடி சொல்லுங்க.”

“பேரு இருக்கு, தேதி எங்கன்னு கேட்டாக. எடுத்தவங்ககிட்ட இருந்து தேதி வாங்கிட்டு வான்னு சொன்னாக. ஆஸ்பத்திரி வேலைக்கு நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்க்கா. அதுக்குள்ள சான்றிதழ் குடுக்கலைன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாக.”

செல்வலட்சுமி படத்தைத் திருப்பினார். பின்பக்கம் மங்கிய ஊதா முத்திரை: ‘நல்லதம்பி அண்டு சன்ஸ், போட்டோகிராபர்கள், சித்தூர்.’ அதன் கீழே கையால் எழுதிய மூன்று எழுத்து. சகஉ.

ஜோஜோ எட்டிப் பார்த்தான். “சகாவுன்னு எழுத வந்து கால் போட மறந்துட்டார் போல. போட்டோக்காரர் கம்யூனிஸ்டுத் தோழராக்கும்.”

“எழுத்து இல்ல ஜோஜோ. எண்ணு. அந்தக் காலத்துல தமிழ்ல எண்ணு இப்படித்தான் போடுவாங்க. ‘ச’ மாதிரி இருந்தா நாலு. ‘க’ ஒண்ணு. ‘உ’ ரெண்டு. நானூத்திப் பன்னெண்டு.”

ஜோஜோ மூன்று எழுத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

“படத்துக்கு நம்பர் போட்டவன் நோட்டு வெச்சிருப்பான். நோட்டு வெச்சவன் தேதி எழுதியிருப்பான். அந்த நோட்டு வேணும் நமக்கு. நாமதான் தப்பான எடத்துல கேட்டுட்டு நிக்கிறோம். அந்தக் காலத்துல போட்டோ எதுல எடுத்தாங்க?”

“கேமராவுல.”

“கண்ணாடித் தகட்டுல. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடி. நாப்பது அம்பது வருசம் தொழில் பண்ணினவன் ஊட்டுல எத்தனை கண்ணாடி சேர்ந்திருக்கும்? கடையை மூடறப்போ அத்தனையும் யாருக்குக் குடுப்பான்?”

ஜோஜோ யோசிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

“சாமி படத்துக்கு பிரேம் போடுறவகளுக்கு.”

“போச்சு,” என்றான் ஜோஜோ. “என் வேலைக்கு ஆள் வந்தாச்சு.”

*

சந்துக்குள் இருந்தது குப்பண்ணனின் பிரேம் கடை, ஊரிலேயே பழையது. சுவர் முழுக்க முருகன், குருவாயூரப்பன், வேளாங்கண்ணி மாதா. எல்லாரும் ஒரே அளவு சட்டத்துக்குள். அறுபதைத் தாண்டிய குப்பண்ணன் முத்திரையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“கண்ணாடிக்கார ஊடு! இவங்கள அப்படித்தானுங்க சொல்லுவாங்க. நல்லதம்பி, அவரு மகன் பழனிச்சாமி, அவரு மகன் கந்தப்பன். மூணு தலைமுறை. இந்தத் தாலூக்காவுக்கு மொதல்ல கேமரா கொண்டாந்ததே அவங்கதான்னு எங்கப்பாரு சொல்லுவாரு.”

“அவங்க கண்ணாடி உங்க கடைக்கு வந்துச்சுங்களா?”

“வராம என்னங்க! எங்கப்பாரு காலத்துல மாட்டு வண்டியில வந்துச்சு. நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். நாங்க அண்ணந்தம்பி மூணு பேரும் உக்காந்து கழுவினமுங்க.”

“கழுவினீங்களா?” என்றாள் ராமலட்சுமி.

“ஆமாங்க. சலவைச் சோடா கலந்த சுடுதண்ணியில ஊறப்போட்டுத் தேங்கா நாரு வெச்சுத் தேச்சா, படம் அப்படியே தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும். கண்ணாடி பளபளன்னு ஆயிரும். ரெண்டாயிரத்துக்குக் குறையாதுங்க. இந்த ஊர்ல பழைய சாமி படம் இருக்கற ஊடுகள்ல பாதிக்கு மேல அந்தக் கண்ணாடிதான்.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு எதிரே நின்ற மூன்று முகங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

ஜோஜோ சுவரிலிருந்த முருகனை அண்ணாந்து பார்த்தான். “அப்ப ஒவ்வொரு முருகனுக்கு முன்னாடியும் யாரோ ஒரு கல்யாணப் பொண்ணு நிக்கிறா. நமக்குத்தான் தெரியல.”

“எல்லாக் கண்ணாடியும் குடுத்துட்டாங்களா?” என்றார் செல்வலட்சுமி. பத்தொன்பது வருட சம்மன் வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். கடைசிக் கதவும் மூடிய பிறகு இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

குப்பண்ணன் நெற்றியைச் சுருக்கினார். “ஒரு பொட்டிய மட்டும் குடுக்கலைங்க. வண்டியிலிருந்து பாதி எறக்கினதுக்கு அப்புறம் கந்தப்பன் வந்து, ‘இது மலைப்பொட்டி, இதைத் தொடாதீங்க’ன்னு திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்கப்பாருக்குக் கோவங்கூட.”

“கந்தப்பன் உசுரோட இருக்காருங்களா?”

“இருக்காருங்க. கோபாலபுரம் செக்போஸ்ட்டுகிட்ட லாட்டரி விக்கிறாரு.”

*

கோபாலபுரத்தில் சாலையின் நடுவே மாநிலம் மாறுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் லாட்டரி விற்கக் கூடாது. அதனால் இந்தப் பக்கம் பெரிய குடைகளின் கீழே வரிசையாக மேசைகள். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள்.

மூன்றாவது குடையில் எழுபத்து நாலு வயதுக் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம்.

“ஏனுங்க, நல்லதம்பி பேரனுங்களா?” என்றார் செல்வலட்சுமி.

“பொட்டியத் தேடிட்டு வர்றது நீங்க அஞ்சாவது ஆளு. பழைய சாமான் வாங்கறவங்களுக்குத் தர்றதில்லை. போங்க.”

“வாங்க வரலைங்க. ஒரு தேதி கேக்க வந்தோம்.”

“தேதியா? குலுக்கல் நாளைக்கு மூணு மணிக்கு.”

ஜோஜோ செல்வலட்சுமியின் காதருகே குனிந்தான். “எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு அக்கா.”

ராமலட்சுமி முன்னால் போய்ப் படத்தைச் சீட்டுகளின் மேல் வைத்தாள். கந்தப்பன் அதைத் தள்ளிவிடக் கையை நீட்டினார். நீட்டிய கை வெள்ளை மசிப் பெயரின் மேல் நின்றது.

“சுருளிவேல்,” என்று படித்தார். “இந்த ‘ழி’ மாதிரி போடற ‘ளி’ எங்கப்பாவுது.” முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “நீ மலைக்காரப் பொண்ணா?”

“ஆமாங்கய்யா. மஞ்சப்பாறை எஸ்டேட்டு.”

அவர் பக்கத்துக் குடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வீடு செக்போஸ்ட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவரில் ஒரு படம்கூட இல்லை. அதை ஜோஜோவும் கவனித்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தபடியே கந்தப்பன் பேசினார். யாரும் கேட்காமலே பேசினார். ரொம்ப நாளாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது செல்வலட்சுமிக்கு.

“எங்க தாத்தன் நல்லதம்பி சர்வே துரை ஒருத்தனுக்கு கேமரா முக்காலி தூக்கற ஆளு. துரை சீமைக்குப் போறப்போ பழைய கேமராவ இவருகிட்ட விட்டுட்டுப் போயிட்டான். தொழிலைக் கத்துக்கிட்டாரு. ஆனா படம் புடிச்சா ஆயுசு போயிரும்னு ஊரெல்லாம் பயம். ஒருத்தரும் முன்னாடி வந்து நிக்கல. சரி, பயப்படாதீங்கன்னு காட்டறதுக்குத் தன்ர பொஞ்சாதியையே உக்கார வெச்சு மொதப் படம் எடுத்தாரு.”

“அப்புறம்?”

“இருபதாம் நாள் காலரா. அவங்க போயிட்டாங்க. எங்கப்பனுக்கு அப்ப ஒரு வயசு.”

கந்தப்பன் பெட்டி மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

“ரெண்டு வருசம் ஒரு ஆளும் கிட்ட வரல. ‘ஆயுசு எடுக்கற ஊடு’ன்னு பேராயிருச்சு. அதான் மலையேறினாரு. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறுன்னு எஸ்டேட் எஸ்டேட்டா போனாரு. அங்கே அவரு கதை யாருக்கும் தெரியாது. எங்கப்பன் பழனிச்சாமியும் அதே வழி. வருசத்துல ஆறு மாசம் மலையிலதான். கீழ எங்களப் பாத்து மொகத்தத் திருப்பினவங்கதான் ஜாஸ்தி. மலைக்காரங்கதான் தலை சீவி, பூ வெச்சு, வந்து நின்னாங்க.”

“உங்களுக்குக் குடும்பம்?”

“பொண்ணு குடுக்கலைங்க. அந்தப் பேரு என் காலம் வரைக்கும் போகல. ஒரு நாள் ஆத்தரத்துல கண்ணாடி மொத்தத்தையும் வண்டியேத்திக் கழுவிரச் சொல்லிட்டேன். அந்த மொதப் படமும் அதுலதான் போச்சு. எங்க அப்பத்தா மொகம் எப்படின்னு எங்கப்பனுக்கும் அந்தக் கண்ணாடியிலதான் தெரியும். நான் கழுவச் சொன்னேன்.” அவர் பெட்டியின் தாழைத் தட்டினார். “இது மட்டும் மனசு வரல.”

பெட்டிக்குள் கனத்த காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் தகடுகள். மேலே நீளமான ஒரு நோட்டு. கந்தப்பன் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் தமிழ் எண்கள்.

“நானூத்திப் பன்னெண்டு… இந்தா. ‘மஞ்சப்பாறை டிவிஷன். தொழிலாளர் கூட்டம். ஆள் பதினாலு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொம்பது மார்ச் ஆறு, ஞாயித்துக்கிழமை.’”

ராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜோஜோ கையை உயர்த்திக் கந்தப்பனின் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான். கந்தப்பனுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் அவரும் திருப்பித் தட்டினார்.

“நாப்பத்தொம்பது! ஒரு வருசம் முந்தியே! அக்கா, இப்பக் கிளம்பினாக்கூட…”

செல்வலட்சுமி கிளம்பவில்லை. நோட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜோஜோ. படத்துல எத்தனை பேருன்னு எண்ணு.”

“எதுக்குக்கா? முன்வரிசை எட்டு. பின்வரிசை ஏழு. பதினஞ்சு.”

“நோட்டுல?”

ஜோஜோ மறுபடி எண்ணினான். விரலை வைத்து மூன்றாம் முறை எண்ணினான். “பதினஞ்சுதான்க்கா. போட்டோக்காரருக்குக் கணக்கு தப்பியிருக்கும்.”

“எங்கப்பனுக்குத் தப்பாது,” என்றார் கந்தப்பன். அவர் குரல் மாறியிருந்தது. “தலைக்கு இத்தனைன்னு பேசித்தான் எடுப்பாரு.”

அவர் நானூற்றுப் பன்னிரண்டாம் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தலைகீழாகத் தெரிந்தது. ஜோஜோ தன் போனில் அதைப் படமெடுத்து நிறத்தைத் திருப்பினான். தேயிலைச் செடிகளும் மனிதர்களும் தெளிந்து வந்தார்கள். முன்வரிசையில் எட்டுப் பெண்கள். பின்வரிசையில் ஆறு ஆண்கள். சுருளிவேல் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தேயிலைச் செடி மட்டும்.

“எங்க பூட்டன் எங்க?” என்றாள் ராமலட்சுமி.

கந்தப்பன் நோட்டை வாங்கி வேகமாகப் பின்பக்கங்களைப் புரட்டினார். நாலு வருடம் தள்ளி ஒரு பக்கத்தில் நின்றார். படிக்க அவருக்கு மனம் வரவில்லை. செல்வலட்சுமி எட்டி வாங்கிப் படித்தார்.

“‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூணு நவம்பர். பழைய நானூத்திப் பன்னெண்டுல ஒரு ஆள் ஒட்டு. போன வருசம் திருவிழாவுல எடுத்த தனிப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஆள் மண்சரிவில் இறந்துபோச்சு. கீழே பேர் எழுதணும், சுருளிவேல். கேட்டது முன்வரிசை மூணாவது பொம்பளை. அவர் சம்சாரம். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒண்ணுகூட இல்லையாம்.’”

“ஒட்டுப் படம்,” என்றார் கந்தப்பன் மெதுவாக. “எங்கப்பன் அதுல கெட்டிக்காரரு. செத்தவங்களைப் பக்கத்துல நிக்க வெக்கச் சொல்லி நெறையப் பேரு கேப்பாங்க. வெட்டி ஒட்டி, அதை மறுபடி படம் எடுத்துக் குடுப்பாரு.”

ராமலட்சுமி ஜோஜோவின் போனை வாங்கி விரலால் பெரிதாக்கினாள். இடமிருந்து மூன்றாவது பெண். பதினெட்டு, பத்தொன்பது வயது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். தாடைக் குழி ராமலட்சுமிக்கு இருப்பது போலவே இருந்தது.

“சின்னத்தாய்,” என்றாள். “எங்க பூட்டி பேரு சின்னத்தாய். பூட்டன் கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து மாப்பிள்ளையா வந்தாகன்னு எங்கப்பா சொல்லுவாக. எப்ப வந்தாகன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. இந்தப் படத்துல எல்லாரும் பூட்டனத்தான் பாப்போம். பேரு இருக்குல்ல. இவ யாருன்னுகூடத் தெரியாது.”

“அக்கா, அப்ப நல்லதுதானே?” ஜோஜோ அவசரமாகக் கேட்டான். “அவங்க நாப்பத்தொம்பதுலயே அங்க இருந்திருக்காங்களே!”

“இருந்திருக்காங்க. ஆனா நோட்டுல அவங்க பேரு எங்க?” செல்வலட்சுமி கந்தப்பனைப் பார்த்தார்.

“துரைமாரு, கணக்கப்பிள்ளைன்னா பேரு எழுதுவாரு. வேலைக்காரங்கன்னா தலை மட்டும் எண்ணுவாரு. எல்லாருமே அப்படித்தானுங்க அப்ப.”

“பேரு இருக்கறவரு அன்னிக்கு அங்க இல்ல. அங்க இருந்தவங்களுக்குப் பேரு இல்ல.” செல்வலட்சுமி நோட்டை மூடினார்.

ஜோஜோதான் முதலில் வாய் திறந்தான். கிண்டல் இல்லாத குரல். “மொதப் பக்கத்த மட்டும் காப்பி எடுத்துக் கொடுத்தா என்ன? தேதி நெஜம். நோட்டு நெஜம். படத்துல பேரு இருக்கு. பொய்யின்னு ஒரு வார்த்தை நாம சொல்லலையே.”

“நானும் எழுதிக் குடுத்தர்றனுங்க,” என்றார் கந்தப்பன். “எங்க ஊடு நெறையக் கெட்ட பேரு வாங்கியிருக்கு. ஒரு புள்ளைக்கு வேலை கெடைச்ச பேரும் கெடைக்கட்டுமே.”

மூவரும் செல்வலட்சுமியைப் பார்த்தார்கள்.

“தாலூக் ஆபீஸ்ல படத்துல தலையை எண்ணுவாங்களான்னு தெரியாது. நான் எண்ணினேன்,” என்றார் அவர். “ராமலட்சுமி, நான் தேடிக் குடுக்கற ஆளு. தேடினது ரெண்டு பக்கம் கெடைச்சிருக்கு. ரெண்டும் உன்ர சொத்து. எதைக் குடுக்கறேங்கறது உன்ர பாடு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

ராமலட்சுமி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்கப்பா இடுப்பு ஒடிஞ்சு கெடக்காக. அம்மா கொழுந்து கிள்ளிப் போடுறதுலதான் அடுப்பு எரியுது. தங்கச்சிக்கும் இதே சான்றிதழ்தான் வேணும்.” தேதி இருந்த பக்கத்தைத் திறந்தாள். “மொதப் பக்கத்த மட்டும் குடுக்குறேங்க்கா.”

செக்போஸ்ட் அருகே ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் நகல் எடுத்தார்கள். முதல் பக்கத்தின் அடியில் கந்தப்பன் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியவர், கேட்காமலே இரண்டாவதிலும் போட்டார்.

*

மறுநாள் விடிந்ததும் கிளம்பி, உடுமலை, தேனி, குமுளி வழியாக மலையேறித் தாலூக் ஆபீஸை அடைந்தபோது மணி மூன்று. மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது.

துணைத் தாசில்தார் ஐம்பது வயது மலையாளி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் தமிழ் வரும். மேசைக்கு மேல் ஃபைல்கள், ஒரு ஃபிளாஸ்க், பாதி தின்ற பழம்பொரி.

அவர் முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். கந்தப்பனின் கையெழுத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“நாப்பத்தொம்பது. எஸ்டேட் பேர் உண்டு. ஆளோட பேர் உண்டு.” முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவரும் இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்ப விரும்பவில்லை. “நான் நினைச்சேன், நீங்க வரமாட்டீங்கன்னு. சரி.”

அவர் ரப்பர் முத்திரையை மைத்தட்டில் அழுத்தினார். செல்வலட்சுமி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

“சார்,” என்றாள் ராமலட்சுமி. “இன்னொரு பக்கம் இருக்கு.”

பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து முத்திரைக்கும் விண்ணப்பப் பாரத்துக்கும் நடுவில் வைத்தாள்.

அவர் படித்தார். படத்தைப் பார்த்தார். விரலால் எண்ணினார். முத்திரையைக் கீழே வைத்தார்.

“மோளே, இதை எதுக்குத் தந்தே? இது இல்லேன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.”

“தெரியும் சார்.” அவள் படத்தில் முன்வரிசையின் மூன்றாவது பெண்ணைத் தொட்டுக் காட்டினாள். “நேத்து ராத்திரி பூரா இவள நினைச்சுட்டே இருந்தேன். மண்ணு சரிஞ்சு புருசன் போயிட்டாரு. ஒரு படம்கூடச் சேந்து எடுக்கல. போட்டோக்காரரு அடுத்து எப்ப வருவாருன்னு காத்திருந்து, அவரப் பக்கத்துல நிக்க வெச்சு, பேரும் எழுதச் சொல்லியிருக்கா. தன் பேர எழுதச் சொல்லல. அவரு இந்தப் படத்துக்குள்ள வந்ததே இவளாலதான். இந்தப் பக்கத்த மறைச்சா, நான் இவளத்தான சார் வெளிய தள்ளணும்? நாப்பத்தொம்பதுல இங்க உக்காந்திருந்தது இவதான். நாங்க மலையில இருக்கதே இவ வழியாத்தான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை எழுத இந்த பாரத்துல எடம் இல்லை. நோட்டு, தகடு எல்லாம் வரவழைச்சுப் பார்க்கச் சொல்லி அன்வேஷணத்துக்கு மேலே அனுப்பறேன். அவங்க ஆளை விட்டு விசாரிக்கணும். மாசக்கணக்காகும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒண்ணும் நடக்காது.”

“தெரியும் சார்.”

“பெண்வழியை ஒத்துக்குவாங்களான்னும் எனக்கு உறப்பில்லை, நிச்சயமாச் சொல்ல முடியாது.”

அவள் தலையாட்டினாள். பிறகு பாரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். ‘1950-க்கு முன் வசித்த முன்னோரின் பெயர்.’ அது இன்னும் நிரப்பாமல் காலியாக இருந்தது.

“இதுல அவ பேர எழுதுங்க சார்.”

“பேருக்கு ஆதாரம் இல்லையே. பேனாவுல எழுதினா நான் பதில் சொல்லணும்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தேடி ஒரு பென்சிலை எடுத்தார். கட்டத்துக்குள் மெலிதாக எழுதினார்: சின்னத்தாய். எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“மேலே இருந்து சரின்னு வந்தா, நானே இது மேலேயே மையில எழுதறேன்.”

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தார்கள். ஜோஜோ சாவியைத் திருப்பவில்லை. மழை கண்ணாடியில் வழிந்தது. ஐந்து மணிக்கு ஆபீஸ் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அந்த வாரமே வேலை அடுத்த ஆளுக்குப் போனது. ஃபைல் மேலே போனது. பிறகு அதைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.

அன்று அந்த ஜீப்பில் செல்வலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வருத்தமா இருக்கா சாமி?”

“ஆமாக்கா,” என்றாள் ராமலட்சுமி. “ரொம்ப.”